தரைமட்ட அறை: சரிபார்ப்பில் உள்ளது

பல்செட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம்தான். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த விடுதியில், படி ஏறாமல் போய்ப் படுக்கிற மாதிரி கீழே ஓர் அறை இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான். இருந்தால் ‘இருக்கு’, இல்லாவிட்டால் ‘இல்லை’. அந்த ஒற்றைச் சொல்லை வாங்க மனுஷர் ஒன்பது சனிக்கிழமைகள் நடையாய் நடந்தார்.

கேள்வி அவருக்காக இல்லை, மனைவிக்காக. அவள் துணிக்கடையில் இருபத்தாறு வருஷம் நின்றே வேலை பார்த்தவள். அந்தக் கடையில் வாங்க வருகிறவர்கள் உட்கார மெத்தை உண்டு. விற்கிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. விரித்துக் காட்டிய துணியெல்லாம் யார் யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தது. வலி மட்டும் அவள் முழங்காலிலேயே தங்கிவிட்டது. இப்போது இரண்டு காலும் மடங்க மாட்டேன் என்கின்றன. மூட்டு மாற்ற டாக்டர் இரண்டு மாசம் தள்ளி இருபதாம் தேதி குறித்துக் கொடுத்திருந்தார். ஒரு கால் ஆறி, அடுத்த கால் ஆற, ஒரு வருஷத்துக்கு வீட்டை விட்டு நகர முடியாது.

“கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கடலைப் பார்த்துடணும்ங்க,” என்றாள். “காலண்டர்ல பார்த்துப் பார்த்து சலிச்சுப் போச்சு. அதுவும் தேதி கிழிச்சா கடலும் சேர்ந்து கிழியுது.”

பல்செட்டுக்காரர் ஒரு பல் லேபில் மெழுகு வார்த்து, அச்சு எடுத்து, அடுத்தவர் வாய்க்குப் பல் செய்து கொடுப்பவர். பதினோரு வருஷமாக லீவே எடுக்காதவர். முதலாளி அதே மாசம் பதினொன்றிலிருந்து பதினாலு வரை நாலு நாள் கொடுத்தார். “பல்லு இல்லாதவங்க நாலு நாளைக்குச் சிரிக்காம இருக்கட்டும்,” என்று பெருந்தன்மையாகவும் சொன்னார்.

விடுதிக்கே போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். போட்டார்.

“கீழ ரூம் இருக்குங்களா?”

“இருக்கு சார்.”

“படி ஏற வேண்டாமே?”

“வேண்டாம் சார்.”

பதில் வந்த வேகம் அவருக்கு உறுத்தியது. சந்தேகத்துக்கு இன்னொன்று கேட்டுப் பார்த்தார். “ரூம்ல பியானோ இருக்குங்களா?”

“இருக்கு சார்.”

போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் மேல் வரிசைப் பல் வாங்க வந்த ஒருவர் வழி சொன்னார். சக பயணிகள் ஆலோசனைப் பரிமாற்ற மன்றம் என்று ஒன்று இருக்கிறதாம். சனிக்கிழமை சாயங்காலம் அச்சகத்து மாடியில் கூடுவார்களாம். “போகாத ஊர் கிடையாது, தங்காத லாட்ஜ் கிடையாது. அங்க போய்க் கேளுங்க, புட்டுப் புட்டு வைப்பாங்க,” என்றார், புதுப் பல் பளபளக்க.

முதல் சனிக்கிழமை பல்செட்டுக்காரர் மாடி ஏறினார். நீள மேசை. சுவர் முழுக்க வரைபடங்கள். மலை, அருவி, பாலைவனம் என்று இருபது பேர் சுவாரஸ்யமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே செயலாளர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பேனா தொங்கியது, முன்னால் ஏழு ரப்பர் ஸ்டாம்பு.

“கேள்வியா? மொதல்ல ஒரு ஆலோசனை குடுங்க, அப்புறம் ஒண்ணு வாங்கிக்குங்க. பரிமாற்றம்னு சும்மாவா பேர் வச்சிருக்கோம்?”

“நான் எங்கயும் போனதில்லைங்களே. போறதுக்குத்தான் கேக்குறேன்.”

“போகாதவங்களுக்குப் போற வழி சொல்றது பாதுகாப்பு இல்லையே சார். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?” செயலாளருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. “வீட்டை விட்டு வெளிய மூணு ராத்திரியாவது எங்கயாச்சும் தங்கியிருப்பீங்களே, யோசிங்க.”

பல்செட்டுக்காரர் யோசித்தார். “எங்க மச்சானுக்குப் பித்தப்பையில கல்லு வந்தப்ப, பெரியாஸ்பத்திரியில பதினோரு ராத்திரி கூட இருந்தேன்.”

“பதினோரு ராத்திரியா!” செயலாளர் எழுந்தே விட்டார். மேசை முழுக்கத் தலைகள் திரும்பின. அத்தனை கண்ணிலும் பொறாமை. அவ்வளவு நீளமாக எங்கேயும் தங்கியவர்கள் அந்த அறையில் யாருமில்லை என்பது பல்செட்டுக்காரருக்கு அப்போது தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அவரை மேசைத் தலைமாட்டில் நிறுத்தினார்கள். மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு: குறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். குறை சொல்லாத பயணியை அவர்கள் நம்புவதில்லை.

“லிஃப்டுக்குப் பக்கத்துல படுக்காதீங்க. ராத்திரி முழுக்க டமார் டமார்னு கதவு சாத்தும்,” என்று தொடங்கினார். “மூணாவது மாடிக்குப் போயிடணும். அங்க நாற்காலிக்குக் கைப்பிடி இருக்காது. மூணைச் சேர்த்துப் போட்டா காலை நீட்டலாம்.”

இருபது பேனாக்கள் கிறுக்கின.

“ஏ.சி. உண்டா?” என்று கேட்டவர் குளிர் பிரதேசப் பிரிவின் பொறுப்பாளர். எந்தப் பருவத்திலும் ஸ்வெட்டரோடுதான் வருவார், அதனால் எல்லோருக்கும் ஸ்வெட்டரம்மா.

“ஐ.சி.யூ. வாசல்ல பல்லெல்லாம் தந்தியடிக்கும்மா.”

“அப்ப குளிர் பிரதேசம்தான். என் பிரிவுல சேர்த்துக்குங்க,” என்றார் ஸ்வெட்டரம்மா.

“பார்க்குற மாதிரி இடங்கள் ஏதாவது?”

“மொட்டை மாடியில நின்னா ஆம்புலன்ஸ் வர்றது நல்லாத் தெரியும்.”

“சூரிய அஸ்தமனம்?”

“அந்நேரத்துக்கு மருந்துச் சீட்டு குடுத்துடுவாங்க. பார்க்க முடியலைங்க.”

“முன்பதிவு எப்படி?”

“முன்பதிவெல்லாம் கிடையாது. வலி வந்தா நேராப் போக வேண்டியதுதான்.”

‘நேரடி அனுமதி’ என்று எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை ஆலோசனை அங்கீகரிக்கப்பட்டது. அதற்குள் ஓர் உறுப்பினர் குடும்பத்தோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போயும் வந்திருந்தார். “நாற்காலி நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு சார்,” என்று கையைப் பிடித்துக்கொண்டார். “ஆனா அந்த வாட்ச்மேன் மரியாதை தெரியாத ஆளு. யாரைப் பார்க்க வந்தீங்கன்னு கேக்குறான். சுற்றுலாவுக்கு வந்தவங்ககிட்ட கேக்குற கேள்வியா இது?”

வீட்டில் மனைவி காலுக்குத் தைலம் தேய்த்தபடி காத்திருந்தாள். “என்ன சொன்னாங்க?”

“அங்கீகாரம் ஆயிடுச்சு.”

“ரூமா?”

“இல்ல. ஆஸ்பத்திரி.”

அவள் தைலக்குப்பியை மூடினாள். “ஏங்க, ஆஸ்பத்திரிக்கு நான்தான் இருபதாம் தேதி போகப்போறேனே. அதுக்கு எதுக்குங்க இவங்க அங்கீகாரம்?”

பல்செட்டுக்காரருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மூன்று வாரம் போனது போனதுதான், இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவானேன் என்று நாலாவது வாரமும் போனார். இப்படித்தான் எல்லா மன்றத்துக்கும் ஆள் சேர்கிறது.

நாலாவது வாரம் கேள்வியைக் கையில் வாங்கினார்கள். வாங்கிப் படித்த செயலாளர் முகம் சுளித்தார். “‘கீழ ரூம் இருக்கா?’ இது என்ன சார், மொட்டையா இருக்கு? எதுக்குக் கீழ? கடல் மட்டத்துக்குக் கீழயா?” கேள்வி செம்மைக் குழு அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து வெளியே வந்தபோது அது, ‘மேற்படி தங்குமிடத்தில் தரைமட்டத்தில் அமைந்ததும், படுக்கத்தக்கதும், ஏறுதல் அவசியப்படாததுமான அறை அல்லது அறைகள் உளவா?’ என்று ஆகியிருந்தது. தன் கேள்விதானா என்று பல்செட்டுக்காரருக்கே சந்தேகம் வந்தது. தான் செய்த பல்லை அடுத்தவர் வாயில் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஏழாவது சனிக்கிழமை கேள்வி சபைக்கு வந்தது. அந்த விடுதியை அறிந்தவர்கள் இரண்டு பேர் எழுந்தார்கள்.

“கீழ ரூம் இருக்கு. கண்ணால பார்த்தது,” என்றார் முதலாமவர்.

“எந்த வருஷம்?”

“அது வந்து... பார்த்தது எங்க மாமா. ஆனா மாமாவுக்குப் பார்வை நல்லாவே தெரியும்.”

“இல்லவே இல்ல,” என்றார் இரண்டாமவர். “நான் மேலதான் தங்கினேன். கீழ ரூம் இருந்திருந்தா நான் ஏன் மேல தங்கப்போறேன்? நான் என்ன கிறுக்கனா?”

இது சபையை யோசிக்க வைத்தது. பிறகு வாக்கெடுப்பு. அறை இருக்கிறது என்று ஒன்பது பேர், இல்லை என்று ஒன்பது பேர்.

பல்செட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். “ஏங்க, யாராவது ஒருத்தர் ஒரு எட்டு போய்ப் பார்த்தா...”

தலைவர் எழுந்தார். ஓய்வு பெற்ற நில அளவையாளர். நிற்பதே நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

“நண்பரே, நீங்க புதுசு. அதனால சொல்றேன். போய்ப் பார்த்தவன் சொல்றது வெறும் அனுபவம். அதுல அவன் வயிறு, அவன் தூக்கம், அவன் பொண்டாட்டி போட்ட சண்டை எல்லாம் கலந்திருக்கும். போகாதவங்க நாலு பேர் கூடி, நிதானமா உட்கார்ந்து முடிவு பண்றதுதான் ஆலோசனை. நான் இந்த நாற்காலிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு ஊருக்காவது போயிருப்பேனா? மாட்டேன்! ஏன் போகலை? போனா அந்த ஊர் மேல ஒரு இது வந்துடும். நடுநிலை போயிடும். எங்க வீட்டம்மா கேக்கத்தான் செய்யுது, ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போங்கன்னு. நான் சொல்லிட்டேன், ‘ஊரெல்லாம் நம்மை நம்பிப் போகுது, நாம எங்க போறது?’ன்னு.”

கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆனது. ஸ்வெட்டரம்மா மட்டும் ஸ்வெட்டர் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“இருந்தாலும்,” என்று தலைவர் தொடர்ந்தார், “வாக்கு சமமா நிக்குது. மன்ற வரலாற்றுல இப்படி நடந்ததில்ல. உரிய நடவடிக்கை எடுப்போம்.”

எட்டாவது வாரம் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஏழு ஸ்டாம்பும் அதில் இருந்தன. ‘தங்கள் கேள்வி சரிபார்ப்பில் உள்ளது. பதில் வரும்வரை மேற்படி அறையைத் தாங்கள் முன்பதிவு செய்யலாகாது. செய்தால் கேள்வி காலாவதியாகும். தங்கள் பயணத் தேதிகளை மட்டும் தெரிவிக்கவும்.’ பல்செட்டுக்காரர் தேதியை எழுதிக் கொடுத்தார். பதினொன்று முதல் பதினாலு வரை.

ஒன்பதாவது சனிக்கிழமை தேதி பத்து. கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று போனார். அறை பூட்டியிருந்தது. அலுவல் நிமித்தம் இன்று கூட்டம் இல்லை என்று கதவில் ஒட்டியிருந்தார்கள்.

“அவங்க கெடக்காங்க,” என்றாள் மனைவி. “ரூம் இருந்தா படுக்கிறோம், இல்லைன்னா மணல்ல உட்கார்ந்துட்டு வர்றோம். பையை எடுங்க.”

ஐந்து மணி நேரம் பஸ். இறங்கி விடுதிக்கு நூறு அடி நடக்க அவளுக்கு இருபது நிமிஷம் ஆனது. மேசையில் இருந்த மேனேஜர் குரலிலேயே தெரிந்துவிட்டது, போனில் பேசிய ஆள்தான்.

“கீழ ரூம் இருக்குங்களா?”

“இருக்கு சார்.”

பல்செட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. “எத்தனை இருக்கு?”

“நாலு இருக்கு சார். நாலுலயும் ஆளும் இருக்காங்க. ஏதோ மன்றமாம், ஏழு பேரு, நேத்தே வந்துட்டாங்க.”

கூடத்தில் ஒரு நீள மேசை. சுற்றி ஏழு பேர். செயலாளர் பேனாவோடு ஓடி வந்தார். “வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் சார் வந்திருக்கோம்! உங்க கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. இருக்கு! தரைமட்டத்துல நாலு இருக்கு! நாங்களே படுத்துப் பார்த்துட்டோம்!”

“ரொம்ப சந்தோஷம்ங்க,” என்றார் பல்செட்டுக்காரர். “அதுல ஒண்ணை இவளுக்குக் கொஞ்சம் விட்டுக்குடுத்தீங்கன்னா... இவளால படி ஏற முடியாது.”

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க கஷ்டம் புரியுது. ஆனா உங்க கேள்வி என்ன? ‘படுக்கத்தக்க’ அறை. ஒரு ராத்திரி படுத்துட்டுப் படுக்கத்தக்கதுன்னு எழுதினா நாளைக்கு யார் பதில் சொல்றது? நாலு ராத்திரி படுக்கணும். அதுவும் நீங்க குடுத்த தேதியிலதான் படுக்கணும், ஏன்னா சீசன் மாறினா உண்மை மாறிடும். இவ்வளவும் யாருக்காக? உங்களுக்காக. அறிக்கை பதினஞ்சாம் தேதி கையில குடுத்துடுவோம்.”

“பதினாலோட எங்க லீவு முடியுதுங்க. இருபதாம் தேதி இவளுக்கு ஆபரேஷன்.”

“அடுத்த தடவை வர்றப்ப உதவும்ல.”

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். “ஏங்க, நீங்கள்லாம் கடலைப் பார்த்தாச்சா?”

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதுதான் மூணாவது தீர்மானம்,” என்றார் செயலாளர் குரலைத் தாழ்த்தி. “கீழ இருக்கிற நாலு ரூம்லயும் ஜன்னலைத் தொறந்தா தண்ணித் தொட்டிச் சுவர்தான் தெரியுது. ஸ்வெட்டரம்மா ஏதோ இரைச்சல் கேக்குதுங்கிறாங்க. தலைவர் அது ஜெனரேட்டர்ங்கிறார். கடல் இருக்குறதாத் தெரியலைன்னுதான் இப்போதைக்கு எழுதி வச்சிருக்கோம்.”

“வெளிய போய்ப் பார்க்கலாமே?”

“நிகழ்ச்சி நிரல்ல அது இல்லைம்மா.”

மேனேஜர் மேல் மாடி அறைச் சாவியை நீட்டினார். அவள் மாடிப்படிப் பக்கம் நகர்ந்தாள். “பையை மேல வச்சுட்டு வாங்க. நான் பின்பக்கமா ஏறுறேன்.”

முதல் படியில் உட்கார்ந்தாள். கையை அடுத்த படியில் ஊன்றி உடம்பைத் தூக்கி வைத்தாள். பல்செட்டுக்காரர் கீழே நின்று இரண்டு காலையும், ஈரம் காயாத அச்சைத் தூக்குகிற மாதிரி, தூக்கி மேலே வைத்தார். இரண்டாவது படி. மூன்றாவது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது கூடம் முழுக்கக் கேட்டது.

ஸ்வெட்டரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“உட்காருங்க,” என்றார் தலைவர். “நீங்க எழுந்தா ஆள் கணக்கு குறையும். இதுவரைக்கும் நிறைவேத்தின தீர்மானமெல்லாம் செல்லாமப் போயிடும்.”

ஸ்வெட்டரம்மா நின்றார். ஐந்தாவது படி வரை நின்றுகொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் மாடிப்படிப் பக்கம் திரும்பவே இல்லை.

இருபத்திரண்டு படி. அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. மேல் படியில் அவள் முகம் துடைத்துக்கொண்டு, “துணிக்கடைக்காரன் மட்டும் இப்ப என் கையில கிடைக்கணும்,” என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மூச்சு வாங்கியது.

அறை சின்னது. கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, புழுக்கமாக இருக்கிறதே என்று ஜன்னலைத் தள்ளித் திறந்தார்.

தண்ணித் தொட்டி எங்கேயோ காலடியில் கிடந்தது. அதற்கு மேலே வேறு எதுவுமே இல்லை. ஜன்னலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கடல்தான். வெயில் பட்டு, பெரிய கடையில் கட்டுக் கட்டாகப் பட்டுத் துணியை உதறி விரித்துக்கொண்டே இருக்கிற மாதிரி, ஒன்று மடங்குவதற்குள் அடுத்தது விரிந்தது. யாரும் மடித்து வைக்கச் சொல்லவில்லை. கட்டில் ஜன்னலோரமாகவே இருந்தது. அவள் காலை நீட்டி, தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து அவ்வளவும் தெரிந்தது.

“ஏங்க,” என்றாள் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாலு நாளைக்கு நான் இங்கேருந்து எறங்குறதா இல்ல. சாப்பாட்டை மேலயே வாங்கிட்டு வந்துடுங்க.”

“சரிம்மா.”

அப்போது கீழேயிருந்து செயலாளர் கூப்பிட்டார். “சார்! பல்செட்டு சார்! இப்ப நீங்களும் சக பயணி ஆயிட்டீங்க! மேல எப்படி இருக்குன்னு ஒரு ஆலோசனை சொல்லுங்க, பதிவேட்டுல ஏத்திக்கிறேன்!”

பல்செட்டுக்காரர் வாயைத் திறந்தார். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிப் பழகிய மனுஷர். மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா ஏழு பேரும் மேல வந்து படுத்துப் பார்ப்பாங்க.”

அவர் கடலை ஒரு தடவை பார்த்தார். பிறகு படிக்கட்டுப் பக்கமாகத் தலையை நீட்டினார்.

“படி ரொம்ப ஜாஸ்திங்க!” என்றார். “மூச்சு வாங்குது! யாரையும் மேல அனுப்பிடாதீங்க!”

“ரொம்ப நன்றி சார்! குறையை முதல்ல சொன்னீங்க பாருங்க, அதான் பயணிக்கு அழகு!”

கீழே ரப்பர் ஸ்டாம்பு விழும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழும் விழுந்து முடிகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, பல்செட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.